ரெண்டடி தள்ளி பிரிண்டர், அனுமதி மட்டும் ஏழு கடல் தாண்டி

முதல்லயே சொல்லிடறேன் மக்களே. ஒரு வைஃபை பிரிண்டரை வீட்டுலயோ கடையிலயோ மாட்டி வேலை செய்ய வைக்க இணையம் தேவையே இல்லை. ரவுட்டர் வேணும், கரண்ட் வேணும், பேப்பரும் மையும் வேணும். அவ்வளவுதான். மின்னஞ்சல் முகவரி, பிறந்த தேதி, ஓடிபி, கம்பெனி கணக்கு இதெல்லாம் அச்சடிக்கிற வேலைக்கு சம்பந்தமே இல்லாத விஷயங்கள். இருந்தும் இன்னைக்கு நிறைய பிரிண்டர்கள் இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் உள்ளேயே விடுது. இது வசதின்னு நம்ம தலையில கட்டின ஒரு கால் விலங்குன்னு சொல்றதுதான் இந்தப் பதிவு. பொட்டி தட்டுறவன் எழுதறான்னு பயந்து ஓட வேண்டாம், தொழில்நுட்பம் கொஞ்சம்தான் வரும் :-)

நான் இருக்கறது ஏற்காடு. சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா எங்க ஊர். 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்த காப்பிச் செடிதான் இன்னமும் பாதி ஊருக்குச் சோறு போடுது. காப்பிக்கு நிழலா சில்வர் ஓக், அதுல ஏறின மிளகுக் கொடி. படம் எடுக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா மழைக்காலத்துல காத்தடிச்சா அதே மரம் ஒயர் மேல சாயும். கரண்ட் போகும், ஃபைபர் அறும், மலை மடிப்புக்குள்ள இருக்கிற ஊர்கள்ல செல்போன் சிக்னல் எப்பவுமே கண்ணாமூச்சி. இப்படிப்பட்ட இடத்துல "எப்பவும் இணையத்தோட இணைஞ்சிருக்கணும்"னு ஒரு பெட்டி அடம் பிடிச்சா என்ன ஆகும்?

என்ன ஆகும்னு எங்க சித்தப்பா கடையில பார்த்தேன். சின்ன ஜெராக்ஸ் கடை. ஆஃபர்ல வந்துச்சுன்னு ஒரு புது வைஃபை பிரிண்டர் வாங்கினார். கம்பெனி பேர் வேண்டாம், இந்த விளையாட்டை ஆடறவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. மாட்டிக் கொடுக்கறதுக்கு என்னைக் கூப்பிட்டார். பிரிண்டர் வைஃபையில ஏறினது ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் ஆப் "கணக்கு தொடங்கு"ன்னுச்சு. கணக்குக்கு ஓடிபி. ஓடிபி வர சிக்னல் வேணும். ரோட்டோரம் திட்டு மேல ஏறி நின்னு ஓடிபி வாங்கிட்டு ஓடி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிருக்கும். மூணு தடவை ஓடினேன். எதிர்க் கடைக்காரர் "என்ன தம்பி, உடம்பு குறைக்கறீங்களா?"ன்னார். அவ்வ்வ்.

அதோட முடிஞ்சிருந்தா சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். ஐப்பசி மழையில ஒருநாள் காலைல இருந்தே நெட் இல்லை. நாகலூர் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க. பொண்ணோட உதவித்தொகைக்கு சாதிச் சான்றிதழ் பிரிண்ட் வேணும். கோப்பு அவங்க போன்லயே இருக்கு, கேபிள் போட்டு கடைக் கம்ப்யூட்டருக்கும் ஏத்தியாச்சு. கம்ப்யூட்டர் இங்க, பிரிண்டர் ரெண்டடி தள்ளி அங்க, நடுவுல ரவுட்டர் பச்சை விளக்கோட எரியுது. பிரிண்டர் சொல்லுது: இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.

"ஏப்பா, நெட்டுல இருந்தா எடுக்கப் போறோம்? கையில இருக்கறதைத் தானே அடிக்கச் சொல்றோம்?"னு சித்தப்பா கேட்டார். பத்தாவதோட படிப்பை நிறுத்தினவர். பொறியியல் படிச்ச என்கிட்ட பதில் இல்லை, ஏன்னா அந்தக் கேள்விக்கு நேர்மையான தொழில்நுட்ப பதிலே கிடையாது. ரெண்டு கடை தள்ளி, யூஎஸ்பி கேபிள்ல தொங்கிட்டிருந்த ஒரு கிழட்டு லேசர் பிரிண்டர் அந்த ஒத்தைப் பக்கத்தை அடிச்சுக் கொடுத்துச்சு. இந்த அலைச்சல்ல அந்தம்மா ஊர் பஸ்ஸை விட்டுட்டாங்க. மலை கிராமத்துல ஒரு பஸ்ஸை விட்டா அடுத்த பஸ் எப்பன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அதோட வலி தெரியும். அரைநாள் கூலி போச்சு.

சரி, உள்ள என்னதான் நடக்குதுன்னு பார்ப்போம். ரவுட்டர் பிரிண்டருக்கு ஒரு உள்ளூர் முகவரி கொடுக்கும். பிரிண்டர் அந்த நெட்வொர்க்குக்குள்ள "நான் இங்க இருக்கேன், எனக்கு இதெல்லாம் அடிக்கத் தெரியும்"னு தானே கூவிச் சொல்லும். கம்ப்யூட்டரோ போனோ அதைக் கேட்டுட்டு 631-ஆம் போர்ட் வழியா வேலையைக் கொடுக்கும். இந்த மொழிக்குப் பேர் ஐபிபி. 1.1 பதிப்பு ஆர்எஃப்சி 2910, 2911-ஆ 2000-லயே வந்தாச்சு. யார் வேணும்னாலும் படிக்கலாம், யார் வேணும்னாலும் எழுதலாம். லினக்ஸும் மேக்கும் பயன்படுத்தற கப்ஸ் இந்த மொழி மேலதான் நிக்குது, முதல் வெளியீடு 1999. ஆப்பிள் 2010-ல ஏர்பிரிண்ட் கொண்டு வந்து "டிரைவரே வேண்டாம்"னு காட்டினாங்க. கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து 2013-ல மோப்ரியா கூட்டமைப்பு தொடங்கினாங்க. ஆண்ட்ராய்டு போன்ல இருந்து அடிக்க அது உதவுது. இது எதுவும் வீட்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. அதாவது இது தீர்ந்து போன பிரச்சினை. தீர்ந்து போன பிரச்சினையை எடுத்து, அதுக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை வெளிநாட்டு சர்வர்ல வெச்சிருக்காங்க.

"சும்மா அளக்காதே, ஆதாரம் என்ன?"ன்னு பின்னூட்டத்துல கேட்கற அண்ணன்களுக்காக ஊரறிஞ்ச சில சேதிகள்:

* எச்பி 2020-ல எச்பி பிளஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுல சேர்ந்த பிரிண்டருக்கு எச்பி கணக்கு, தொடர் இணைய இணைப்பு, பிரிண்டர் ஆயுசு முழுக்க எச்பி மை. மூணும் கட்டாயம். இது நிபந்தனையில அவங்களே எழுதினது.

* அதே 2020 டிசம்பர்ல இத்தாலியின் போட்டி ஆணையம் எச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு. மற்ற கம்பெனி மைக்கு இருக்கிற தடையை வாங்கறவங்களுக்குத் தெளிவா சொல்லலைங்கறதும் குற்றச்சாட்டுல ஒண்ணு.

* கூகிள் கிளவுட் பிரிண்ட்டை நம்பி எத்தனையோ அலுவலகங்கள் பிரிண்டரை இணைச்சாங்க. 2020 டிசம்பர் 31-ஓட கூகிள் கடையைச் சாத்திருச்சு. பிரிண்டர் அதே பிரிண்டர்தான், பாதையை மட்டும் எடுத்துட்டாங்க.

* 2022 தொடக்கத்துல சிப் தட்டுப்பாடு. கேனன் சில டோனர்களை சிப் இல்லாமலே அனுப்பிச்சு. "எச்சரிக்கை வரும், கண்டுக்காம மேல போங்க, அச்சுத் தரம் குறையாது"ங்கற மாதிரி வாடிக்கையாளருக்கு வழி சொல்லிக் கொடுத்துச்சு. மை அளவு காட்டறது மட்டும் சரியா இருக்காதாம். அப்ப அந்த சிப் அச்சடிக்கிறதுக்கு இல்லைன்னு அவங்க வாயாலயே வந்துருச்சா இல்லையா?

இந்த வம்பு புதுசும் இல்லைங்க. 1980 வாக்குல எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்துச்சு. அதுல அடிக்கடி பேப்பர் சிக்கும். பழைய பிரிண்டர்ல, சிக்கினா எல்லாருக்கும் தகவல் போற மாதிரி நிரலை மாத்தி வெச்சிருந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதுசுலயும் அப்படிச் செய்யலாம்னு பார்த்தா மூல நிரல் கிடையாது. வெச்சிருந்த ஒருத்தரும் ஒப்பந்தத்தைக் காட்டிக் கைவிரிச்சுட்டார். அந்தக் கடுப்பும் ஒரு காரணமாத்தான் 1983-ல குனூ திட்டம் அறிவிப்பு வந்துச்சு. கட்டற்ற மென்பொருள்னு நாம பக்கம் பக்கமா எழுதறோமே, அதோட பிள்ளையார் சுழியிலயே ஒரு பிரிண்டர் இருக்கு. நாற்பது வருஷம் கழிச்சும் அதே பெட்டி முன்னாடி அதே கடுப்போட நிக்கிறோம்.

இனி எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

"விலையைக் குறைச்சுத் தர்றாங்கல்ல, மையில எடுக்க வேண்டாமா?" எடுக்கட்டும். அப்ப அதை விற்பனைன்னு சொல்லாதே, வாடகைன்னு சொல்லு. பெட்டியோட முகப்புல "நெட் இல்லைன்னா அடிக்காது"ன்னு விலை போட்ட அதே சைஸ் எழுத்துல, தமிழ்லயும் போடு. சித்தப்பா வாங்கின பெட்டியிலும் எழுதியிருந்துச்சு. எறும்பு சைஸ்ல, இங்கிலீஷ்ல, அடிப்பக்கத்துல.

"பாதுகாப்புக்கு அப்டேட் வேணுமே?" கண்டிப்பா வேணும். 2021-ல விண்டோஸ்ல பிரிண்ட்நைட்மேர் ஓட்டை, 2024-ல கப்ஸ்லயே சில ஓட்டைகள். அச்சு மென்பொருள்ல ஓட்டை வரும், அடைக்கணும். ஆனா அப்டேட் வேற, அனுமதி வேற. நெட் வரும்போது வந்து ஓட்டையை அடைச்சுட்டுப் போ. நெட் இல்லாதப்ப ஏன் கையைக் கட்டற? அதுவுமில்லாம, நாள் முழுக்க வெளிய எட்டிப் பார்த்துட்டே இருக்கிற பெட்டி பாதுகாப்பானதுன்னு எந்த ஊர்ல சொல்லிக் கொடுத்தாங்க?

"சாதாரண ஜனத்துக்கு ஆப்தான் சுலபம்." எந்த ஜனத்துக்கு? மின்னஞ்சலே இல்லாதவங்களுக்கா? நாப்பது பக்க நிபந்தனையைப் படிக்காமலே "சம்மதம்" தட்டறவங்களுக்கா? போன்ல அச்சடின்னு தொட்டதும் பிரிண்டர் பேர் தானா வந்து நிக்கறதுதான் சுலபம். அதை 2010-லயே செஞ்சு காட்டியாச்சு.

நியாயமா ஒண்ணு ஒத்துக்கறேன். எல்லாப் பழியும் பிரிண்டர் கம்பெனி மேல இல்லை. ரவுட்டர் அமைப்பு தப்பா இருந்தாலும் பிரிண்டர் காணாமப் போகும். அதனால திட்டறதோட நிறுத்தாம, நான் இப்ப எந்த பிரிண்டர் வந்தாலும் என்ன செய்யறேன்னு எழுதிடறேன், யாருக்காவது உதவும்:

1. பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டர்ல அதுக்குத் தனிப் பேர் கொடுத்து அதுல ஏத்துங்க. எஸ்டேட் பங்களாவோட கனத்த கல் சுவரைத் தாண்டறதுக்கும் அதுதான் தோது.

2. ரவுட்டர்ல பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமா ஒதுக்குங்க. "நேத்து அடிச்சுது, இன்னைக்கு ஆஃப்லைன்னு காட்டுது" நோயில பெரும்பகுதி இதுலயே போயிடும்.

3. விருந்தினர் வைஃபையில பிரிண்டரை ஏத்தாதீங்க. அதுல ஒரு கருவி இன்னொண்ணைப் பார்க்க முடியாதபடி பொதுவா தடுத்து வெச்சிருப்பாங்க. ஹோம்ஸ்டே வெச்சிருக்கிற நம்மூர்க்காரங்க இதைக் கவனிக்கணும்.

4. ஆப் கேட்டாலும் உடனே போகாதீங்க. கம்ப்யூட்டர்ல "பிரிண்டர் சேர்" கொடுத்து தானா தெரியுதான்னு பாருங்க. பிரிண்டரோட முகவரியை உலாவியில அடிச்சா பெரும்பாலும் அமைப்புப் பக்கம் திறக்கும்.

5. வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு சோதனை கேளுங்க: "நெட்டைக் கழட்டிட்டு, கணக்கு தொடங்காம ஒரு பக்கம் அடிச்சுக் காட்டுங்க." முழிச்சார்னா வெளிய வந்துடுங்க. யூஎஸ்பி இல்லாத மாடலை மலைப்பக்கம் கொண்டு வரவே வராதீங்க.

ஆனா இது தனி ஆள் சாமர்த்தியத்துல தீர்ற விஷயம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல "நியாயமற்ற ஒப்பந்தம்"னு ஒரு பிரிவே இருக்கு. பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒன்றிய அரசு 2022-ல குழு போட்டு, அந்த டிசம்பர்லயே இணையதளமும் திறந்துச்சு. மின்கழிவு விதிகள் 2022-ல பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் பட்டியல்ல இருக்கு. குப்பையா ஆனப்புறம் பொறுப்பு கேட்கற அரசு, நல்லா இருக்கிற பெட்டியைத் தூரத்துல இருந்தே குப்பையாக்கற உரிமையைப் பத்தியும் கேட்கணும். அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஜெம் தளத்துல பிரிண்டர் வாங்கறப்ப "கணக்கு இல்லாம, இணையம் இல்லாம உள்ளூர் நெட்வொர்க்ல அடிக்கணும்"னு ஒரு வரி சேர்த்தாலே போதும், கம்பெனிகள் வழிக்கு வந்துரும். வராதுங்கறீங்களா? எச்பி அந்த இணையம்-கட்டாய லேசர் மாடல்களை 2024-ல கைவிட்டுச்சு. ஜனம் கத்தினா காது கேட்கும்.

அதனால பதிவுலக மக்களே, உங்க வீட்டுல, ஆபீஸ்ல இருக்கிற பிரிண்டரை நெட் கேபிளைப் பிடுங்கிட்டு ஒரு பக்கம் அடிச்சுப் பாருங்க. அடிச்சுதா இல்லையா, எந்த மாடல்னு பின்னூட்டத்துல போடுங்க. நாலு பேர் சொன்னா அஞ்சாவது ஆள் பார்த்து வாங்குவார். கும்மி அடிக்கறவங்களும் தாராளமா வரலாம், ஆனா மாடல் நம்பரோட வரணும் :-)

டிஸ்கி: சித்தப்பா அந்தப் பெட்டியை ஓரங்கட்டிட்டு, சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு பழைய லேசர் பிரிண்டர் வாங்கிட்டார். வைஃபை கிடையாது. ரவுட்டர் பக்கத்துல சும்மா கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு, கப்ஸ் வழியா நானே அதை நெட்வொர்க்குக்குக் கொண்டு வந்துட்டேன். படிப்படியா எப்படின்னு அடுத்த பதிவுல எழுதறேன்.