கப்பல் பட்டியலின் மறுபாதி

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் கொல்லப்பட்ட ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் வழித்தோன்றல் இன்று இங்கிலாந்தில் தன் குடும்பக் கதையைத் தேடத் தொடங்கினால், கைகொடுக்க ஆள் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கென்றே 1998-ல் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். சென்னை மாகாணத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்குப் போன ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளை வரி வரியாகப் படித்துப் பெயர்ப்பட்டியல் போடுவது அதன் முக்கியமான வேலை. செய்கிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். குடியாத்தம் பக்கமிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவரின் கொள்ளுப்பேத்திக்கும் வழி இருக்கிறது. 1860 முதல் 1911 வரை அங்கே இறங்கிய 1,52,184 ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களை வரலாற்றாசிரியர் ஜாய் பிரெய்ன் போன்றவர்கள் உட்கார்ந்து படித்து, பெயர் சொல்லித் தேடக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில், பதிவேடுகளைப் புரட்டித் தாத்தாவின் தாத்தா வந்திறங்கிய விவரத்தை எடுத்துக் கொடுக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். சிலருக்குப் பழைய புகைப்படம்கூடக் கிடைத்துவிடும். போனவர்களுக்கு இவ்வளவு. போகாமல் இங்கேயே தங்கித் தோல் ஷாப்பில் தொட்டிக்குள் இறங்கியவரின் பேரன் வேலூரிலோ ஆம்பூரிலோ எந்தக் கதவைத் தட்டுவது? இந்த வட்டாரத்துக்கென்று ஒரு குடும்ப வரலாற்றுச் சங்கம் வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் காகிதங்கள் பாசத்தில் பிறந்தவை அல்ல. வம்சம் எழுதப்படுவது பணம் கைமாறும் இடத்தில்தான். வேலூரில் சிறைவைக்கப்பட்ட திப்புவின் பிள்ளைகள் யார் யார், கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832-ல் இங்கே இறந்தபோது விட்டுப்போனவர்கள் யார் என்பதெல்லாம் கணக்காக எழுதப்பட்டன; ஆட்சியாளர்கள் அவர்களுக்குப் படி அளக்க வேண்டியிருந்தது. கூலியின் விவரமும் அப்படியே. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு. ஓடிப்போனால் பிடிப்பதற்குத்தான் தழும்பைக் குறித்தார்கள். முதலாளியின் வசதிக்காக எழுதிய அந்தப் பட்டியல்தான், எழுத்தறியாத ஏழை ஒருவரின் ஊரும் தகப்பன் பெயரும் காகிதத்தில் ஏறிய முதல் தடவையாகவும் பலருக்கு அமைந்தது. குடும்ப வரலாற்றுச் சங்கத்துக்காரர்கள் செய்வது அந்தப் பட்டியலை முதலாளியின் பக்கமிருந்து படிக்காமல் கூலியின் பக்கமிருந்து படிப்பது. பார்க்கச் சலிப்பான குமாஸ்தா வேலை. அதன் அரசியல் சின்னதல்ல.

ஆனால் டர்பனில் உட்கார்ந்து படிப்பவருக்குக் கிடைப்பது பாதிதான். 'ஜில்லா வட ஆற்காடு' என்று பட்டியல் சொல்லும். அது எந்த வட ஆற்காடு? 1911 வரை சித்தூரும் பலமநேரியும் அதற்குள் இருந்தன, இன்று ஆந்திரம். ஆம்பூர் அன்று வேலூர் தாலுகாவில் இருந்தது; கூப்பிடு தூரத்து வாணியம்பாடியோ சேலம் ஜில்லாவின் திருப்பத்தூர் தாலுகா. 1911-ல் அந்தத் தாலுகா வட ஆற்காட்டுக்கு வந்தது. 1989-ல் போளூரும் ஆரணியும் திருவண்ணாமலையோடு பிரிந்தன. 2019-ல் மிச்சமும் மூன்றாகி, வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போயின. இதற்கு மேல் குமாஸ்தாவின் எழுத்துக்கூட்டல் வேறு. ழகரமும் றகரமும் இல்லாத எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதிய கிராமப் பெயரைப் பார்த்து எந்த ஊர் என்று சொல்ல இந்த மண்ணில் நடந்த கால் வேண்டும். நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். ஊரைத் தவறவிட்டால் ஆளைத் தவறவிட்டதாகத்தான் அர்த்தம். ஃபிஜிக்குப் போனவர்களில் கல்கத்தாவில் கப்பலேறிய 45,000-த்துக்கும் மேற்பட்டோரின் சீட்டுகளை வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1983-ல் புத்தகமாக்கினார். 1903-லிருந்து சென்னையில் கப்பலேறியவர்கள் அந்த ஆய்வுக்குள் வரவில்லை. வட ஆற்காடு அவர்களின் முக்கியமான ஜில்லாக்களில் ஒன்று.

இப்படி ஒரு சங்கத்துக்குச் சொல்லப்படும் எதிர்ப்புகளில் கனமானது சாதி பற்றியது. வம்சாவளி என்றாலே இங்கே சாதிச் சங்க மேடைதான். ஆண்ட பரம்பரைக் கதைகளுக்கு இன்னொரு அச்சகம் எதற்கு என்பார்கள். பயம் நியாயமானது. கப்பல் பட்டியலிலும் சாதிக்கென்று ஒரு பத்தி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆண்ட பரம்பரைக் கதை ஆவணத்துக்கு அஞ்சுவது. ஆதாரம் கேட்டால் அது புராணத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பட்டியலோ 1876-78 பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் வயிற்றுக்காகப் புறப்பட்டவர்களைக் காட்டுகிறது. கப்பலில் எல்லாச் சாதியும் ஒரே தளத்தில் படுத்து ஒரே அரிசியைத் தின்றது. கப்பலேறுமுன் தங்கவைத்த டிப்போவிலேயே சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. அக்கரையில் பட்டப்பெயரைப் பிடித்துக்கொண்டு புது ஆளானவர்களும் உண்டு. பெருமை பேச இதைவிட மோசமான சாட்சி கிடைக்காது.

இன்னொரு எதிர்ப்பு அந்தரங்கம் பற்றியது. அதை இவ்வளவு சுலபமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று விகிதம் வைத்துத்தான் ஆள் சேர்த்தார்கள். புருஷனை விட்டு வந்தவர், கைம்பெண், வீட்டுக்குச் சொல்லாமல் புறப்பட்டவர் என்று தனியாகக் கப்பலேறிய பெண்களும் பலர். அவர்களில் எத்தனை பேர் தேடப்பட விரும்பியிருப்பார்கள்? ஊர்ப் பெயரை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னவரைப் பேத்திக்காகக் கண்டுபிடித்துத் தருவது சரியா என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உயிரோடு இருப்பவர்களின் பெயரை வெளியிடாமலிருப்பது, கேட்டவரிடம் மட்டும் பதில் சொல்வது என்ற கட்டுப்பாடுகளாவது வேண்டும். சங்கம் என்று ஒன்று இருந்தால்தான் விதி இருக்கும். இப்போது அந்த வேலையைச் செய்வது தரகரும் வாட்ஸப்பும்.

வெளிநாட்டுக்காரர்களின் பொழுதுபோக்குக்கு நாம் ஏன் மாரடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் பாலாற்றைப் பார்க்கட்டும். தோல் கழிவால் கெட்டுப்போன நிலத்துக்கும் கிணற்றுக்கும் நஷ்டஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. இடையில் ஓடிய காலம் ஏறக்குறைய ஒரு தலைமுறை. நிலத்துக்காரர் போய்ச் சேர்ந்திருந்தால் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழோடு நிற்க வேண்டும். பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தால் இரண்டு தலைமுறையை நிரூபிக்க வேண்டும். காகிதம் உள்ள குடும்பம் வாங்கிக்கொள்ளும், இல்லாத குடும்பம் தாலுகா ஆபீஸ் வாசலில் அலையும். மூதாதையின் பெயரைத் தேடுவது இங்கேயும் சோற்றுப் பிரச்சினைதான். மரபணுப் பரிசோதனை வந்துவிட்டதே என்கிறார்கள். அது இத்தனை சதவீதம் தென்னிந்தியர் என்று சொல்லும்; எந்தத் தெரு என்று சொல்லாது, தாசில்தாரும் அதை வாங்கிக்கொள்ள மாட்டார்.

ஆள் பற்றாக்குறை இல்லை. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்களுக்கு அடங்கலும் எல்லையும் மனப்பாடம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஜமாஅத்துகளில் நிக்காஹ் பதிவேடுகள் உள்ளன. ஸ்கடர் குடும்பத்தார் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் சபைகளிலும் ஆம்பூர் லுத்தரன் சபைகளிலும் ஞானஸ்நானப் புத்தகங்கள் உண்டு. யாரும் தங்கள் புத்தகத்தை எடுத்து வெளியே கொடுக்க வேண்டியதில்லை. அந்தந்த இடத்திலேயே படம் எடுத்து, பெயர் அட்டவணையை மட்டும் பொதுவில் வைத்தால் போதும். அதற்கும் முன்னால் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, யாருடைய அனுமதியும் அதற்குத் தேவையில்லை: ஆர்தர் காக்ஸ் 1881-ல் தொகுத்த வட ஆற்காடு ஜில்லா மானுவலையும் பழைய தாலுகா வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கப்பல் பட்டியலில் வரும் ஒவ்வொரு கிராமப் பெயருக்கு நேரேயும் இன்றைய வருவாய்க் கிராமத்தின் பெயரைத் தமிழில் எழுதுவது.