ஓட்டைத் தொட்டிக்கு யார் ஜாமீன்?

கண்மாய்க் கரையில் நண்டு வளையளவு கசிவு தெரிந்தாலும் நம் பக்கத்து விவசாயி உறங்கமாட்டான். மண்வெட்டியோடு ஓடுவான், ஊரைக் கூட்டுவான், மழைக்கு முன்னால் கரையை அடைப்பான். ஆலைகளிலோ கதை வேறு! தொட்டி கசிகிறது, தகடு நெளிந்திருக்கிறது என்று தொழிலாளி சொன்னால், "இத்தனை நாள் நிற்கவில்லையா? இன்னும் நிற்கும்" என்று பதில் வருகிறது. நேற்று நின்றது, நாளை நிற்கும் என்பதற்குச் சாட்சியாகுமா?

1919 ஜனவரி 15. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 50 அடி உயரமும் 90 அடி அகலமும் கொண்ட இரும்புத் தொட்டி, உள்ளே மொலாசஸ். கட்டிய நாள் முதலே கசிந்த தொட்டி அது. கம்பெனி செய்த வைத்தியம் என்ன தெரியுமா? கசிவு கண்ணில் படாதிருக்கப் பழுப்புச் சாயம் பூசியது! தொட்டி பிளந்தது, பாகு வெள்ளத்தில் 21 உயிர்கள் மடிந்தன. யாரோ குண்டு வைத்துவிட்டார்கள் என்று வாதாடிப் பார்த்தது கம்பெனி. விசாரணையில் அந்த வாதம் எடுபடவில்லை. தொட்டியின் பலவீனமே காரணம் என்று தீர்ந்தது.

அறுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகாவது பாடம் படித்தார்களா? 1988 ஜனவரி 2இல் அதே நாட்டின் பென்சில்வேனியாவில், நாற்பதாண்டுப் பழந்தொட்டி ஒன்று கிழிந்தது. வேறிடத்தில் பிரித்தெடுத்து வந்து பொருத்திய தொட்டி. முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்காமலே டீசல் ஏற்றினார்கள். தகட்டில் முன்பே இருந்த சின்னஞ்சிறு குறை, ஆற்றையே நாசமாக்கியது.

நம் நாட்டுக் கதை இதைவிடக் கொடியது. போபாலில் இ610 என்ற தொட்டியில் 1984 அக்டோபர் கடைசியிலிருந்தே நைட்ரஜன் அழுத்தம் நிற்கவில்லை. அழுத்தம் நிற்காத தொட்டி, நோய்ப்பட்ட தொட்டி. ஆயினும் ஏறத்தாழ 40 டன் நச்சுத் திரவம் அதிலேயே கிடந்தது. குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரமும் இயங்கவில்லை. டிசம்பர் 2 நள்ளிரவில் தண்ணீர் புகுந்து திரவம் கொதித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

பழுதுபட்ட தொட்டியைத் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. காலி செய்து, வாயு நீக்கி, தகட்டின் கனத்தை ஒலியலைக் கருவியால் அளக்கவேண்டும். வெல்டிங் இணைப்புகளில் சாயமிட்டு வெடிப்பைத் தேடவேண்டும். அடித்தகட்டின் கீழ்ப்புறத்தை, கண் காணாத இடத்தில், துரு தின்னும், அதை மறக்கலாகாது. பிறகுதான் தண்ணீர் சோதனை. அதிலும் கணக்கு உண்டு: அடர் கந்தக அமிலம் தண்ணீரைவிட 1.8 மடங்கு கனமானது. தண்ணீரைத் தாங்கியதெல்லாம் அமிலத்தைத் தாங்கிவிடாது!

இதற்கெல்லாம் அறிவுக்கா பஞ்சம்? துருவையும் அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பர் அளித்த நிலத்தில் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே நிற்கிறது. அறிவு வாசலில் இருக்கிறது. அதை அழைக்க மனம்தான் வேண்டும்.

"சோதனைக்காக ஆலையை நிறுத்தினால் கூலி போகுமே" என்று தொழிலாளத் தோழன் அஞ்சுவது நமக்குத் தெரியும். அந்த அச்சம்தான் ஓட்டைத் தொட்டிக்குக் காவல். ஆகவே நாம் கேட்பது இரண்டு. சோதனை நாட்களுக்கு முழுக் கூலி. ஆலைக்குக் கட்டுப்படாத நிபுணர் கையெழுத்திட்ட சான்று, தொழிலாளர் பார்வைக்கு.

போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 41எச் பிரிவு சேர்ந்தது. ஆபத்து நெருங்குகிறது என்று எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு அது தந்தது. சட்டங்களின் பெயர் மாறலாம். அந்த உரிமையை விட்டுவிடலாகாது. தோழர்களே, கசிவைக் கண்டால் எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள். சான்று வரும்வரை அந்தத் தொட்டியில் ஒரு சொட்டும் ஏறக்கூடாது!