தொட்டி இன்று, மீன் அடுத்த மாதம்

கொளத்தூர் கலர் மீன் கடைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நின்று பாருங்கள். கண்ணாடித் தொட்டி, கூழாங்கல், மோட்டார், பாலிதீன் பையில் பத்துப் பன்னிரண்டு மீன் என்று எல்லாம் ஒரே பில்லில் போகும். அந்த ஒரே பில்தான் கூடாது என்கிறேன். தொட்டியை இன்று விற்கட்டும், மீனை அடுத்த மாதம் விற்கட்டும்.

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் தொட்டியும் சோதனைச் சொட்டுகளும் இருப்பது தெரிந்து, எங்கள் பெரம்பூர்க் குடியிருப்புப் பிள்ளைகள் மீன் செத்தால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவார்கள். “தண்ணி சுத்தமாத்தான் இருக்கு ஆன்ட்டி, மீன் மட்டும் மேல வந்து வாயை வாயைத் திறக்குது!” சொட்டு விட்டால் அம்மோனியா இல்லாத தண்ணீர் மஞ்சளாக நிற்கும். இவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் பச்சையாகிவிடும்.

மீனின் செவுள், கழிவு, தின்னாமல் விட்ட தீனி எல்லாம் அம்மோனியா தருபவை. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். கடைசியை ஓரளவு தாங்கிக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லவே இல்லை.

மீன் செத்ததும் நம்மவர்கள் செய்வதுதான் கொடுமை. மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சை மெட்ரோ தண்ணீர்க் குழாயடியில் பிழிந்து அலசுவார்கள். அப்போதுதான் ஒட்ட ஆரம்பித்திருந்த பாக்டீரியாவைக் குளோரின் தீர்த்துவிடும். பிறகு நீல மருந்து. அது பூஞ்சைக்கானது. அம்மோனியாவை அதனால் அசைக்க முடியாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தீனியைக் குறைத்து, ஆன்டி குளோரின் சொட்டு விட்ட தண்ணீரால் தினமும் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவது.

பிஎச் ஏறிய போர் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அம்மோனியா எவ்வளவு விஷம் என்பதை பிஎச் தீர்மானிக்கிறது. பிஎச் 7-இல் இருக்கும் அதே அளவு அம்மோனியா, பிஎச் 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு கொடியது. வெயில் கால வெப்பம் அதை இன்னும் கூட்டும். அதற்குப் பயந்து கேன் தண்ணீருக்குத் தாவுபவர்களும் உண்டு. தாது உப்பு கழிந்த அந்தத் தண்ணீரில் கப்பியும் மோலியும் வாடிப்போகும், பாக்டீரியாவும் சரியாக வளராது.

நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டால், அதிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியே நுழையவிடாமல் மறிக்கும். உப்பு போடச் சொல்லும் பழைய கடைக்காரர்கள் காரணம் சொல்வதில்லை, ஆனால் சொல்வது சரி.

“இன்னிக்கு மீன் தரலைன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்கம்மா” என்பார்கள். போவார்கள்தான். ஆகவே எல்லாக் கடைகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். தொட்டியோடு சோதனைச் சொட்டையும், கடையில் நோயில்லாத பழைய தொட்டி ஒன்றில் கிடந்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டையும் கொடுத்தனுப்பட்டும். அந்தத் துண்டிலேயே பாக்டீரியா இருக்கிறது, காத்திருக்கும் காலம் பாதியாகக்கூடக் குறையலாம். செத்த மீனைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தொட்டியைப் பரணில் ஏற்றியவரிடம் யார் வியாபாரம் செய்ய முடியும்?

அதுவரை பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் இல்லை. மீனில்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, சொட்டின் நிறத்தை நோட்டில் குறித்து வரட்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பின்னாலேயே நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யம் காட்டிய வாரம் கடைக்குப் போகலாம். அன்றைக்கும் மூன்று மீன் போதும்.