மழை தாங்கும் கல், மழையைச் சுமக்கும் தொழிலாளி

பட்டணத்துப் புது மாளிகைகளின் முகப்பை இன்று சிவந்த செங்கல் வரிசை அலங்கரிக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் முழுக்கல்லால் கட்டிய சுவர் போலவே இருக்கும். ஆனால் அது 10 முதல் 20 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய செங்கல் பட்டை. சுவரின் மேல் ஒட்டப்படுவது. வெயிலும் மழையும் எத்தனை வருஷம் அடித்தாலும் நிறம் மங்காது, உதிராது என்று விற்கிறார்கள். ஒழுங்காகச் செய்த சரக்கானால் அது உண்மைதான். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தொழிலாளித் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அதில் நமக்கு ஒரு நியாயம் புதைந்து கிடக்கிறது.

செங்கல்லுக்கு முதல் எதிரி தண்ணீர். கல்லில் உள்ள நுண்துளைகள் வழியே ஈரம் உள்ளே போகிறது. மண்ணிலுள்ள உப்பைக் கரைக்கிறது. வெயிலில் காயும்போது உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கிறது. நாளடைவில் மேல்தோல் பொரிந்து விழுகிறது. சாதாரணச் செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் அதன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. முகப்புப் பட்டையின் நல்ல ரகங்கள் 6 சதவீதத்துக்கும் குறைவாகவே குடிக்கின்றன. இதில் மாயம் ஒன்றுமில்லை. களிமண்ணைப் பொடியாக அரைத்துச் சலித்து, தண்ணீர் சேர்த்து ஊறவிட்டு, யந்திரத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பட்டையாகப் பிதுக்கி, கம்பியால் அறுக்கிறார்கள். உப்பு பூக்காமலிருக்கப் பேரியம் கார்பனேட் கலப்பதுண்டு. சாந்து பிடித்துக்கொள்ளப் பின்புறத்தில் வரிப்பள்ளம் விடுகிறார்கள். பிறகு சூளையிலிருந்து வரும் கழிவு வெப்பத்தைக் கொண்டே மூடிய அறையில் மெல்ல உலர்த்தி, 1000 டிகிரிக்கும் மேல் சுட்டு எடுக்கிறார்கள்.

உலர்த்தும் அறையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பச்சைக்கல்லின் மேல் ஒரு துளி மழை விழுவதில்லை.

இனி அந்தப் பட்டைக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு வருவோம். அது பல இடங்களில் நாட்டுச் செங்கல் சுவர். அந்தக் கல்லை அறுப்பவர் யார்? அறுவடை முடிந்து வயலில் வேலையற்றுப்போன விவசாயத் தொழிலாளி. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா ஜில்லாக்களிலிருந்து மேஸ்திரி ரயிலேற்றிக் கொண்டுவரும் குடும்பங்கள். கையில் வாங்கிய முன்பணத்துக்காகத் தை மாதம் களத்தில் இறங்குகிறார்கள். புருஷன் மண் குழைக்கிறான், மனைவி அச்சில் அடிக்கிறாள், பிள்ளை கல்லைத் திருப்பிப் போடுகிறது. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. கணக்கில் ஏறுவது பெரும்பாலும் புருஷன் பெயர் ஒன்றே.

திறந்த களத்தில் காய வைத்த கல்லின் மேல் ஒரு கோடை மழை பெய்தால் போதும், இரண்டு நாள் உழைப்பு சேறாகிவிடுகிறது. கரைந்த கல்லுக்குக் கூலி இல்லை. களம் காயும் வரை வேலையும் இல்லை. அந்த நாட்களின் சாப்பாட்டுச் செலவு மட்டும் முன்பணத்தோடு சேர்ந்து கடனாக ஏறுகிறது. கேட்டால், "மழை பெய்தால் நான் என்ன செய்வேன்? தெய்வச் செயல்" என்கிறார் சூளை முதலாளி. வேடிக்கையான தெய்வம்! பட்டைத் தொழிற்சாலையில் கூரைக்கு வெளியே நின்றுவிடும் மழை, ஏழை அறுத்த கல்லை மட்டும் தேடி வந்து கரைக்கிறது. வித்தியாசம் மழையில் இல்லை, கூரையில் இருக்கிறது. கூரை போடப் பணம் செலவாகும். நஷ்டத்தைத் தொழிலாளி தலையில் கட்டுவதற்குச் செலவில்லை. ஆகவே கூரை எழுவதில்லை.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. மின்சாரம் இல்லை, பஞ்சு இல்லை என்று ஆலையை நிறுத்தி வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிய காலம் உண்டு. போராடிய பின், 1953-ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தில் லே-ஆஃப் நாட்களுக்குப் பாதிச் சம்பளம் என்ற உரிமை ஏறியது. ஆனால் பருவத் தொழில்களை அதே சட்டம் வெளியே நிறுத்தியது. 2020-ம் வருஷத்துத் தொழிலுறவுத் தொகுப்பும் அந்த விலக்கை அப்படியே வைத்திருக்கிறது. ஆறு மாதம் வேலை செய்பவனுக்கு ஆறு மாதம் மட்டுந்தான் பசிக்கும் போலும்!

முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனே சட்டத்தின் முன் ரத்து. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று சுப்ரீம் கோர்ட் 1982-லேயே தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் 2011-ல் திருவள்ளூர் ஜில்லாவின் சூளை ஒன்றிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளிகளை மீட்க வேண்டியிருந்தது. சட்டம் ஏட்டில் தூங்கினால் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகமே சட்டமாகிவிடுகிறது.

ஆகவே நாம் கேட்பது இது. அச்சிலிருந்து இறக்கிய அன்று மாலையே கல்லை எண்ணி, எழுதி, தொழிலாளி கையில் சீட்டுக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு கரைவது முதலாளியின் கல். மனைவி பெயரும் கணக்கில் ஏற வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். பச்சைக்கல்லுக்குக் கொட்டகை இல்லாத சூளைக்கு லைசென்ஸ் கூடாது. மழை நாட்களுக்குப் பாதிக் கூலி தர வேண்டும்; பருவத் தொழில் என்ற விலக்கை எடுத்தெறிய வேண்டும்.

விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் தை மாதம் பிறக்கும் முன்பே, முன்பணம் கைமாறும் கிராமங்களிலேயே இந்தக் கோரிக்கைகளைப் பேசத் தொடங்க வேண்டும். சூளைக்கு அருகிலுள்ள ஆலைச் சங்கங்கள் ஒடியாவும் தெலுங்கும் தெரிந்த தோழர்களைத் தேடிப் பிடித்துக் களத்துக்கு அனுப்ப வேண்டும்.