ஆமென் சொல்ல வேண்டியது யார்?

ஆம்பூரில் நண்பன் வீட்டு நிக்காஹ்வுக்குப் போனால் துஆவின் ஒவ்வொரு வரிக்கும் ஆமீன். வேலூரில் சர்ச் கல்யாணத்துக்குப் போனால் ஆமென். வீட்டில் மாரியம்மன் காலண்டர் மாட்டியிருக்கும் நானும், பிரியாணி எப்போது என்று யோசித்தபடியே கூட்டத்தோடு சொல்லிவிடுவேன். 'முடிந்தது, எழுந்திருக்கலாம்' என்பதுதான் அர்த்தம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஆம் + என் = ஆமென், ஆகவே தமிழ்ச்சொல் என்று ஒரு கட்சி உண்டு. எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர். மன்னிக்கவும் நண்பர்களே, அது எபிரேயம். உறுதி, நம்பகம் என்று பொருள்படும் மூன்றெழுத்து வேரில் பிறந்த சொல். நம்பிக்கைக்கு அங்கே எமுனா என்பார்கள். அரபி அதன் உறவு மொழி என்பதால் ஆமீன், ஈமான், அமானத் எல்லாம் சொந்தக்காரர்கள். கோர்ட்டிலிருந்து ஜப்திக்கு வரும் அமீனாகூட இந்தக் குடும்பம்தான்; அரபியில் அமீன் என்றால் நம்பிக்கைக்கு உரியவர்! ஜப்தியான வீட்டு வாசலில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எபிரேயம் பேசுபவர்கள் இன்றும் இதைச் சாதாரணமாகப் புழங்குகிறார்கள். 'சீக்கிரம் குணமாகட்டும்' என்று ஒருவர் சொன்னால் கேட்டவர் ஆமென் என்பார். நம் ஊர் 'உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்' மாதிரி. அடுத்தவர் சொல்லுக்குக் கேட்டவர் போடும் கையெழுத்து அது. ஒருவர் செய்த சத்தியத்துக்கு ஆமென் சொன்னவர், தானே சத்தியம் செய்ததற்குச் சமம் என்கிறது தல்மூது.

பி.காம் படிக்கும் எனக்குப் பிடித்தது பைபிளில் நெகேமியா 5ஆம் அதிகாரம். பஞ்சத்தில் நிலத்தை அடகு வைத்த ஜனங்கள், பிள்ளைகளை அடிமையாக விடும் நிலைக்கு வந்து ஓலமிடுகிறார்கள். ஆளுநர் நெகேமியா கடன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். சம்மதிக்கிறார்கள். வாக்கு மீறுகிறவனைக் கடவுள் இப்படி உதறட்டும் என்று தன் உடையை உதறிக் காட்டுகிறார். சபை முழுக்க ஆமென் என்றது. சொன்னபடி செய்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது.

அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். தெருவில் ஐந்து பேராகச் சேர்ந்து குழுக் கடன் வாங்கினார்கள். கூட்டத்தில் கடன் கொடுத்த கம்பெனி ஆள் உறுதிமொழி படிக்க, எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும்: ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவோம். குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்த அவசரத்தில் அம்மாவும் சொன்னார். ஒரு அக்கா ஊரை விட்டே போய்விட்டார். அவர் தவணையை மீதி நால்வரும் ஏழு மாதம் கட்டினார்கள். 1872 ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு: கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு பிணையாளிக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது, தவணை அட்டையாக வீட்டுக்கே வந்தது.

போன அக்கா மேல் அம்மாவுக்குக் கோபம் இல்லை. 'அவ என்ன பண்ணுவா பாவம்' என்கிறார். என் கோபம் வேறு. நெகேமியா, கடன் கொடுத்தவர்களை நிற்க வைத்து வாக்கு வாங்கினார். இங்கே படித்த ஆளுக்கு ஒரு உறுதிமொழியும் கிடையாது. வாங்கியவர்கள் மட்டும் வாய் திறக்க வேண்டும். இதற்கு ஒரு பக்க ஒப்பந்தம் என்பதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் இன்னொரு நிக்காஹ். துஆ ஓடும்போது, என்ன கேட்கிறார் என்று நண்பனிடம் கிசுகிசுத்தேன். 'பொண்ணு மாப்ளைக்குள்ள அன்பு இருக்கணும்னு' என்றான். சரி, இதற்குக் கையெழுத்துப் போடலாம். ஆமீன் என்றேன்.