முகத்திரை பற்றி முடிவெடுப்பது யார்?

இலங்கையில் நிகாபைச் சட்டத்தால் தடை செய்வதை எமது பெண்கள் அமைப்பு எதிர்க்கிறது. ஒரு பெண்ணை வற்புறுத்தி அதை அணிவிப்பதையும் எதிர்க்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னால் இரு தரப்பும் கோபிக்கிறார்கள். அதற்காக ஒன்றை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் சொல்ல எங்களால் முடியாது.

எங்கள் உறுப்பினர்களில் முகம் மூடுவோர் இருக்கிறார்கள். முக்காட்டோடு நிறுத்திக்கொள்வோர் இருக்கிறார்கள். நிகாபைக் கண்டாலே பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அணிவதா, கூடாதா என்பதில் எங்களுக்குள் ஒரே கருத்து இல்லை. வரவும் தேவையில்லை.

ஏன் அணிகிறீர்கள் என்று கேட்டால் வரும் பதில்களும் பலவிதம். ஒருவருக்கு அது இபாதத். இன்னொருவருக்குச் சந்தையிலும் பஸ்ஸிலும் ஆண்களின் பார்வையிலிருந்து கிடைக்கும் நிம்மதி. வேறொருவர் மாமியார் வீட்டில் எல்லோரும் அணிவதால் அணிகிறார். கழற்றினால் ஊரில் என்ன பேச்சு வரும் என்பது அவருக்குத் தெரியும். மார்க்க வகுப்புக்குப் போன பின், தாய் வேண்டாம் என்று தடுத்தும் அணியத் தொடங்கிய இளம் பெண்களும் உண்டு. வற்புறுத்தலில் தொடங்கியது பழகி விருப்பமாகிவிடும். விருப்பத்தில் தொடங்கியது சலித்துப்போய்க் கழற்றப்படுவதும் உண்டு. இத்தனையையும் "அடக்குமுறை" என்றோ "பக்தி" என்றோ ஒரே சொல்லில் அடைத்துவிட முடியும் என்று நினைப்பவர், இந்தப் பெண்களில் ஒருவரோடும் உட்கார்ந்து பேசியிருக்கமாட்டார்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின், அதே மாதம் 29ஆம் திகதி அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. தேவாலயங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் குண்டு சுமந்து போனவர்கள் ஆண்கள். அவர்களில் பலரின் முகங்கள் கமராக்களில் பதிந்திருந்தன. ஆனால் விலை கொடுத்தவர்கள் பெண்கள். வர்த்தமானி "முழு முகம்" என்பதற்குள் காதுகளையும் சேர்த்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, முகம் மூடாத, வெறும் முக்காடு போட்ட பெண்களையும் வைத்தியசாலை வாசல்களிலும் அரச அலுவலகங்களிலும் தடுத்து நிறுத்தினார்கள். மே மாத இறுதியில் பொது நிர்வாக அமைச்சு, அரச அலுவலகங்களில் பெண் ஊழியர்கள் சேலை அல்லது ஒசரி (கண்டியச் சேலை) அணிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக்குப் பிறகே அது திருத்தப்பட்டது. முகத்தில் தொடங்கியது, சேலை மட்டுமே என்ற விதியால், ஒரு மாதத்தில் உடலை மறைக்கும் அங்கியான அபாயாவுக்கு வந்து நின்றது.

ஆகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியானபோது தடையும் போனது. இடைப்பட்ட மாதங்களில் நிகாப் அணிந்த பல பெண்கள் அதைக் கழற்றிவிட்டு வெளியே வரவில்லை. வெளியே வருவதையே விட்டார்கள். மருந்துக்கும் வங்கிக்கும் கணவனோ தம்பியோ போனார்கள். பெண்ணை விடுவிக்கிறோம் என்ற சட்டம் அவளை முன்னைவிட ஆண்களையே நம்பியிருக்க வைத்தது.

பிரான்ஸில் தடை 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்டம் 150 யூரோ வரை. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2014இல் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2018இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவோ அதை உரிமை மீறல் என்றது; இத்தகைய தடை பெண்களை வீட்டுக்குள் முடக்கக்கூடும் என்றும் எச்சரித்தது. நாங்கள் குழுவின் பக்கம். எங்களுக்கு அது வெறும் எச்சரிக்கை அல்ல, கண்ட நடப்பு.

2021 மார்ச்சில் அன்றைய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் புர்காத் தடைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அடுத்த மாதம் அமைச்சரவை முன்மொழிவை அங்கீகரித்தது. கொவிட் தொற்றால் நாடு முழுவதும் முகக்கவசம் கட்டாயமாக இருந்த காலம் அது. அந்தப் பத்திரம் மீண்டும் எடுக்கப்படக் கூடாது.

பாதுகாப்புத் தேவையை நாங்கள் மறுக்கவில்லை. சோதனைச் சாவடியிலும் பரீட்சை மண்டபத்திலும் விமான நிலையத்திலும் வாக்குச்சாவடியிலும் அடையாள அட்டையோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயமானது. அதைப் பெண் அதிகாரி ஒருவர் மறைவிடத்தில் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். நிகாப் அணியும் எங்கள் உறுப்பினர்கள் இதில் முரண்படவில்லை.

எங்கள் சமூகத்துக்குள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முகத்தை மறைப்பது கடமை என்று முன்பு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) தந்த, மார்க்க அறிஞர்களின் உலமா சபை, 2019 ஏப்ரலில் முகத்தை மூட வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டது. நெருக்கடி நேரத்து அந்த வேண்டுகோளின் நோக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மூடு என்றபோதும் திற என்றபோதும் முடிவெடுத்த மேசையில் பெண் ஒருத்திக்கும் இடமிருக்கவில்லை. மத்ரஸா நிர்வாகமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, மணமகன் வீட்டாரோ நிகாபை நிபந்தனையாக வைத்தால் நாங்கள் அந்தப் பெண்ணின் பக்கமே நிற்போம். அணிந்ததற்காக வேலை மறுக்கப்பட்டால் அங்கும் அப்படித்தான்.

முஸ்லிம் பெண்களின் நலனில் அரசுக்கு உண்மையான அக்கறை இருந்தால், தொட வேண்டிய சட்டம் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். மணமகளின் கையெழுத்தை அது கேட்பதில்லை. முஸ்லிம் விவாக நீதிபதியான காதியின் அனுமதி இருந்தால் 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தையும் பதிவு செய்யலாம். பெண் காதியாக முடியாது. இச்சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் அமைக்கப்பட்ட சலீம் மர்சூஃப் குழு அறிக்கை கொடுக்கவே 2018 ஆனது. முகத்திரையைத் தடை செய்ய எட்டு நாள் போதுமாக இருந்தது. திருமண வயது 18, மணமகளின் கையெழுத்து, பெண் காதிகள் ஆகிய மூன்றையும் கொண்ட திருத்தத்தை நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்குமாறு நீதி அமைச்சைக் கேட்கிறோம். வரைவு தயாராகும்போது, நிகாப் அணிந்தவரும் அணியாதவருமாக எங்கள் பிரதிநிதிகளை அழைக்க வேண்டும்.