டைனிங் டேபிளில் ஒரு விஞ்ச் ரயில்



பிரிக்காத லெகோ பெட்டி ஒன்று உங்கள் வீட்டு பீரோ மேலேயும் இருக்கிறதா? துபாய் மாமா வாங்கி வந்ததாக இருக்கும். 'பிரிச்சா துண்டு தொலைஞ்சிடும்' என்று அம்மா எடுத்து வைத்திருப்பார். பிரித்த வீடுகளிலோ, படத்தில் உள்ளபடி செய்து ஷோகேஸில் பூட்டியாயிற்று. அது விற்கிற விலைக்கு வேறென்ன செய்வார்கள்?

ஆனால், கோடை விடுமுறை வருகிறது. இந்த முறை எல்லாவற்றையும் கொட்டி, கூட வந்த புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, நிஜமாகவே உலகத்தில் இருக்கும் ஒன்றைக் கட்டச் சொல்லுங்களேன். என் ஓட்டு ஒரு பழைய கேபிள் ரயிலுக்கு.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1901-ல் ஓடத் தொடங்கிய 'ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்' அது. 'லா லா லேண்ட்' படத்தில்கூட வரும். மொத்த நீளமே 91 மீட்டர்தான். பங்கர் ஹில் மேட்டுக்கு ஏறி இறங்க அந்த நாளில் ஒரு சென்ட் டிக்கெட். ஆரஞ்சும் கறுப்புமாக இரண்டே பெட்டிகள். பெயர் சினாய், ஒலிவெட். பழனியில் விஞ்ச்சில் போனவர்களுக்கு அமைப்பு சட்டென்று பிடிபடும். பெட்டி சரிந்திருக்கும், உள்ளே படிப்படியாக இருக்கைகள், உட்கார்ந்தவர் மட்டும் நேராக இருப்பார்.

அந்தப் படிகளில்தான் சுவாரசியமே. என் தங்கை வீட்டில் இதைக் கட்டியபோது ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். சரிவு ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. லெகோவில் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ.; மெல்லிய தட்டின் உயரம் 3.2 மி.மீ. மூன்று குமிழுக்கு ஒரு படி என்றால் 8 மி.மீ. உயர வேண்டும். இரண்டு தட்டு வைத்தால் 6.4, மூன்று வைத்தால் 9.6. எப்படி வைத்தாலும் இடிக்கிறது! ஆறு குமிழுக்கு ஒரு படி என்று மாற்றினால்? 16 மி.மீ., சரியாக ஐந்து தட்டு. விகிதக் கணக்கு என்றாலே கொட்டாவி விடும் தங்கை மகள், நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுக் கண்டுபிடித்தாள். இதற்கு எந்த டியூஷனில் ஃபீஸ் கட்டுவது?

"ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குது. நடுவுல முட்டிக்காதா?" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. நியாயமான கேள்வி. அங்கே தண்டவாளம் மூன்று. நடுவில் உள்ளது இரண்டு பெட்டிக்கும் பொது. பாதி வழியில் மட்டும் நான்காகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று வழிவிட்டு, மறுபடி சேர்ந்துகொள்ளும்.

இறங்கும் பெட்டியின் எடையே ஏறும் பெட்டியைத் தூக்க உதவும். மோட்டாருக்கு நிறைய வேலை மிச்சம். வீட்டில் கேபிளுக்குப் பூக்கட்டும் நூல் போதும். மேல் பெட்டியில் பாட்டி தன் சுருக்குப்பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசுகளைப் போட, கீழ்ப் பெட்டி தானாக ஏறியது. அப்புறம் காசைத் திருப்பிக் கேட்டார் என்பது வேறு விஷயம்.

பொம்மை ஆட்களின் அளவுக்குப் பொருத்தமாக, நாற்பதில் ஒரு பங்காகக் கட்டினால்கூடத் தடம் இரண்டேகால் மீட்டர் வரும். நம் ஹாலில் ஏது இடம்? நீளத்தைக் குறையுங்கள், சரிவை மட்டும் தொடாதீர்கள். ஆரஞ்சு கட்டை போதவில்லையா, சிவப்பு வையுங்கள். யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

பிள்ளைகளிடம் இதன் கதையையும் சொல்லுங்கள். பங்கர் ஹில்லின் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, 1969-ல் ரயிலையும் கழற்றி வைத்துவிட்டார்கள். 1996-ல் சற்றுத் தள்ளி மறுபடி நிறுவினார்கள். 2001-ல் விபத்து, ஒருவர் இறந்தார், ஒன்பது ஆண்டு மூடல். 2013-ல் இன்னொரு விபத்து, மறுபடி மூடல். 2017 முதல் மீண்டும் ஓடுகிறது. பிடிமானம் போனால் பெட்டி என்ன ஆகும் என்று கேட்டால், நூலை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவசர பிரேக் எதற்கு என்று நாம் விளக்கவே வேண்டாம்.

வேலை முடியும்வரை டைனிங் டேபிள் கிடைக்காது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், நல்லதுதான். துண்டுகளை மட்டும் பழைய பெட்ஷீட்டில் கொட்டச் சொல்லுங்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து மிதித்தவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

கட்டியதைப் படம் எடுத்து அனுப்புங்கள். பாதியில் நின்றதையும் அனுப்பலாம், எங்கே இடித்தது என்ற குறிப்போடு.

அன்புடன்,
ஆசிரியர்